நெடுந்தீவில் தண்ணீருக்கே முதலிடம்

எரிமலைத் தீவு என்றால் உலகமே புறப்பட்டுவிடுகிறது. தமிழர் வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவில் இன்றும் தீக்குழம்பு கக்கும் எரிமலை உண்டு. அத்தீவின் மலைமுகடுகள் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு அந்த நெருப்பு வரலாறு இல்லை. இவை கடல் தந்த நிலம். கடலுயிர்களின் ஓடுகளும் பவளமும் படிந்து இறுகிய சுண்ணக்கல்லே இவற்றின் அடித்தளம்.

அதைக் கண்கூடாகக் காண நெடுந்தீவுக்குப் போகவேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். அங்கே வளவுகளுக்குக் கிடுகுவேலி இல்லை. சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் மதில்கள்தான். சிதைந்து நிற்கும் பழைய கோட்டையும் அதே கல்தான். ஆட்கள் உள்ளே நிற்கக்கூடிய பொந்துடன் பெருக்கமரம் ஒன்றும் தீவில் நிற்கிறது. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்று கட்டாக்காலிகளாகப் புல்வெளியில் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இத்தனை அழகையும் தாங்கி நிற்பது தண்ணீர்.

நெடுந்தீவில் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழே உள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர். கடும் வறட்சியில் நெடுந்தீவுக் குதிரைகள் தண்ணீரின்றி மடிந்திருக்கின்றன. சுண்ணக்கல்லுக்கு அழுக்கைத் தடுத்து நிறுத்தும் வல்லமையும் குறைவு. சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தில் 2015இல் குடாநாடே கலங்கியது நினைவிருக்கும்.

ஆகவே நெடுந்தீவின் சுற்றுலாத் திட்டம் விடுதிக் கட்டடத்தில் தொடங்கக்கூடாது, கிணற்றில் தொடங்கவேண்டும். எந்த விடுதிக்கும் அனுமதி தருமுன் அதன் தண்ணீர்த் தேவையும் மலசலக் குழியின் அமைப்பும் ஆராயப்படவேண்டும். கேணிகளும் துரவுகளும் மாரிக்கு முன்பே தூர்வாரப்படவேண்டும். கோடையில் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் தொட்டிகளில் நீர் நிரப்புவது ஆண்டுதோறும் நடக்கும் பணியாகவேண்டும். படகுச் சேவை சீரானால் வருவோர் பொழுதோடு திரும்பலாம்; தீவின் கிணறுகளுக்கும் சுமை குறையும்.

போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. குடிதண்ணீரைக் குடாநாட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கோட்டைச் சுவரில் ஏறாதீர்கள், மதிலிலிருந்து ஒரு கல்லும் எடுக்காதீர்கள், குதிரைகளைத் துரத்திப் படம் பிடிக்காதீர்கள். சாப்பாட்டைத் தீவுக் கடைகளில் வாங்குங்கள். அந்தக் கிணறுகளைக் காத்துவரும் மக்களுக்கு அந்த வருமானம் போய்ச்சேரட்டும்.