குளம் வெட்டமுதல் மண்ணைத் தோண்டிப் பாருங்கோ

டித்வா அடிச்சு ஓய்ந்த பிறகு, வெள்ளத்துக்கு ஏதாவது செய்யுங்கோ என்று எல்லாரும் கேட்கிறோம். நாங்களும்தான். வாய்க்கால் அகலட்டும், வெள்ளநீர் தேங்கக் குளம் வெட்டட்டும், அதுக்குக் காணியும் எடுக்கட்டும். ஆனால் எடுக்கிற காணிக்குள்ள என்ன கிடக்குது என்று முதல் பார்க்கவேண்டாமா?

'சூழல் தாக்க மதிப்பீடு இருக்குத்தானே' என்பீர்கள். 1988இல் சட்டத்துக்குள் வந்த அது, வர்த்தமானியில் பட்டியலிட்ட திட்டங்களுக்கு மட்டுமே கட்டாயம். அது கேட்கும் கேள்வியும் வேறு: திட்டம் சூழலை என்ன செய்யும்? நாங்கள் கேட்பது, அந்த மண்ணை ஏற்கெனவே யார் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பது. கராஜ் இருந்ததா? எண்ணெய்த் தாங்கி புதைத்ததா? கழிவு கொட்டினதா? பழைய உறுதியும் வரைபடமும் அயலில் உள்ள வயதானவர்களும் பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள். மீதிக்கு மண்ணையும் தண்ணியையும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இது உயிர்ப் பிரச்சினை. எங்களுக்குக் கீழே சுண்ணக்கல். குளத்தில் தேங்கும் தண்ணி கிணற்றுக்கு இறங்கும். நஞ்சேறின காணியில் குளம் வெட்டினால் நஞ்சும் சேர்ந்துதான் இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை மறந்துபோனோமா? 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. காசு வரலாம். குடிச்ச தண்ணியைத் திருப்பி எடுக்கேலுமா?

அதிகாரம் இல்லை என்று யாரும் சாட்டுச் சொல்லேலாது. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, அறிவித்தல் ஒட்டிய பின் அதிகாரிகள் காணிக்குள் போய் நிலத்தைத் தோண்டவும் துளையிடவும் இடம் தருகிறது. அந்த அறிவித்தல் எங்கட சனத்துக்குப் புதுசில்லை. 2013இல் இராணுவத்துக்காக வலிகாமம் வடக்கில் ஒட்டினதைக் கண்டவர்கள் நாங்கள். அதே சட்டத்தின் 38ஆம் பிரிவோ, 'அவசரம்' என்றால் இழப்பீட்டைத் தீர்மானிக்க முதலே காணியைக் கையில் எடுக்க விடுகிறது. வெள்ளத்தின் பெயரால் அந்த அவசரத்தைக் காட்டி, தோண்டிப் பார்ப்பதைத் தட்டிக் கழிக்க விடக்கூடாது.

ஆய்வு செய்தால் வேலை இழுபடும் என்பார்கள். இழுபடட்டும். பார்க்காமல் எடுத்தால், நஞ்சாக்கினவர் காணிக்கு விலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். துப்பரவாக்கும் செலவு எங்கட தலையில் விழும்.

உங்கட ஊரில் அறிவித்தல் ஒட்டினால் பிரதேச செயலகத்துக்குப் போய் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: 'மண் பரிசோதனை அறிக்கை எங்கே?' தரமறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். குளம் வெட்டின பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.