நெஞ்சின் களைப்புக்கும் ஓர் அளவுண்டு



நின்று தொழ இயலாதவர் இருந்து தொழலாம். அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழலாம். மார்க்கம் நோயின் பெயரைக் கேட்கவில்லை. உடலின் இயலுமையைப் பார்த்தே சலுகை தந்திருக்கிறது. இருதய வால்வு நோயை அளப்பதும் ஏறக்குறைய இவ்வாறுதான்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கு இந்நோய்க்காக உதவிப்பணம் வழங்க 'மெட்' என்றோர் அளவைப் பார்க்கிறார்கள். சும்மா அமர்ந்திருக்க உடலுக்குத் தேவையான சக்தி 1 மெட். 3 மெட் அளவான வேலைக்கே மூச்சு வாங்கினால் 100 வீத இயலாமை. 5 வரை 60 வீதம். 7 வரை 30 வீதம். 10 வரை, அல்லது தொடர்ந்து மருந்து தேவைப்பட்டால், 10 வீதம்.

றொசல்ல ஸ்டேசனிலிருந்து மேட்டு லயத்துக்கு மூச்சு வாங்க ஏறும் நம் சகோதரிக்கு இப்படியொரு படிவரிசை இல்லை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் வீத அட்டவணை உண்டு. அது வேலையில் நேர்ந்த காயங்களுக்கானது. சிறுவயதுத் தொண்டை நோவு வாதக் காய்ச்சலாகி, வால்வைக் கெடுத்த நோய்க்கு அதில் இடமில்லை.

ஆனால் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. பெண்கள் 50 வயதில் பெறும் அப்பணத்தை, நிரந்தரமாகவும் முற்றாகவும் உழைக்க இயலாதென்று வைத்தியச் சான்று பெற்று, அதன் காரணமாகவே வேலையை விட்டால் முன்னரே பெறலாம். அவசரப்பட்டு 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்து நின்றுவிட்டால் 50 வரை காத்திருக்க நேரலாம். ஆகவே முதலில் வைத்தியரிடமும் தொழில் அலுவலகத்திலும் கேளுங்கள். பிறகு கடிதம் எழுதுங்கள். சத்திரசிகிச்சை என்றால், ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் இருதய சிகிச்சை உதவியையும் விசாரியுங்கள்.

கிளினிக்கில் "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் எத்தனை தலையணை வேண்டும், கால் வீங்குகிறதா என்று விபரமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதது கொப்பியில் ஏறாது. கொப்பியில் இல்லாததை வைத்துச் சான்று எழுதுவதும் கடினம். எக்கோ அறிக்கையையும் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்துங்கள். கருவுற எண்ணும்போது வைத்தியரிடம் முன்கூட்டியே கலந்து பேசுங்கள்.

வாதக் காய்ச்சல் வந்த பிள்ளை வீட்டில் இருந்தால், 3 அல்லது 4 வாரத்துக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசியைத் தவறவிடாதீர்கள். பிள்ளை தேறிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வால்வைக் காப்பது அதுதான்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதன் களைப்பை மறைப்பது பொறுமையாகாது, சகோதரிகளே. வஸ்ஸலாம்.