ஊஞ்சலடியில் ஊமையானோம்

கடந்த விடுமுறையில் நாங்கள் மூவர் பேங்காக் சென்று வந்தோம். கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேர விமானப் பயணம்தான். மலிவுக் கட்டண விமானங்கள் வந்த பிறகு நம் மாணவர் பலருக்கு அது பக்கத்து ஊர் போல ஆகிவிட்டது. அங்கே கழித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என்னை இதை எழுத வைத்தது.

பயணத்துக்கு முன்பே பட்டியல் தயார். மாம்பழத்தோடு புளுட் சோறு எந்தக் கடையில் நன்றாக இருக்கும், தொம்யாம் எங்கே சாப்பிடலாம், எந்தச் சந்தையில் பேரம் பேசலாம் என்று மூன்று இரவுகள் தேடி வைத்திருந்தோம். காலையில் அரண்மனையைப் பார்த்தோம். மதியம் சீக்கியர் கடைகள் நிறைந்த பாஹுரட் பகுதியில் சப்பாத்தி சாப்பிட்டோம். பிறகு நடந்துபோனபோது சாலை நடுவே இரண்டு செந்நிறத் தூண்கள் வானுயர நின்றன. 21 மீட்டர் உயரமுள்ள தேக்கு மரத் தூண்கள். 'பெரிய ஊஞ்சல்' என்று வரைபடத்தில் போட்டிருந்தது. படம் எடுத்துக்கொண்டோம். அத்துடன் எங்கள் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அருகிலேயே ஒரு பிராமணர் கோயில். 1784-இல் முதலாம் இராமா மன்னர் காலத்தில் எழுந்தது. வாசலில் நின்றிருந்த தாய்லாந்துக் கல்லூரி மாணவி ஒருவர், நாங்கள் பேசுவதைக் கேட்டு, "நீங்கள் தமிழர்களா?" என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். ஆம் என்றோம். "இங்கே நடக்கும் திரியம்பாவாய் திரிபாவாய் விழாவின் பெயர் உங்கள் மொழியிலிருந்து வந்ததாமே. அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடிக் காட்டுவீர்களா?" என்றார்.

திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அந்தப் பெயர்களில் நிற்கின்றன. அவ்விழாவில்தான் முற்காலத்தில் இளைஞர்கள் அந்த ஊஞ்சலில் ஏறி ஆடி, உயரக் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வினார்கள். ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுபோனது. ஆனால் அரசவைப் பிராமணர்கள் இன்றும் ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களை ஒட்டிக் கோயிலுக்குள் விழாவை நடத்துகிறார்கள். பாடல்களின் ஒலி, தமிழென்று எளிதில் கண்டுகொள்ள முடியாத அளவுக்கு மாறிவிட்டது. பொருளும் மறந்துபோயிற்று. ஆயினும் ஓதுவதை அவர்கள் விடவில்லை.

இதெல்லாம் அறைக்குத் திரும்பிய பின் நான் தேடிப் படித்தது. அந்த வாசலில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களில் ஒருவன் திருக்குறள் மனனப் போட்டியில் பரிசு வாங்கியவன். நானோ 'கடாரம் கொண்ட தமிழன்' என்று மேடையில் முழங்கியவன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவன் கைப்பேசியைத் துழாவினான். சிறுவயதில் மார்கழி விடியலில் அம்மாவோடு கோயிலுக்குப் போனவன் நான். அங்கே கொடுத்த சர்க்கரைப் பொங்கலின் சுவை நினைவுக்கு வந்தது. பாட்டில் ஓரடி வரவில்லை. அந்தப் பெண் சிரித்தபடி நன்றி சொல்லிப் போய்விட்டார்.

மாலையில் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. உள்ளூர் மக்கள் 'வாட் கேக்' என்கிறார்கள். நாம் தின்னும் கேக் அல்ல. 'கேக்' என்றால் விருந்தினர், இந்தியர்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். மாலையும் கையுமாக வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். இரவில் யாவ்வராட் தெருவில் நாங்கள் தேடி வைத்திருந்த மாம்பழச் சோறு கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூவரும் அதிகம் பேசவில்லை.

சுற்றுலா போனால் அனுபவிக்க வேண்டியதுதானே, அங்கேயும் பாடம் படிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் அடுத்த முறை தொம்யாமை விடப்போவதில்லை. அதேபோல, இரண்டு பாட்டுகள் அங்கே ஒலிப்பதால் அந்த நாடு நம்முடையது என்று மார்தட்டவும் கூடாது. காத்தவர்கள் அவர்கள். பெருமை அவர்களுக்கே சேரும்.

என் வருத்தம் வேறு. பொருள் தெரியாதவர்கள் பாட்டை விடாமல் ஓதுகிறார்கள். பொருள் தெரிந்துகொள்ளக்கூடிய நாம் பாட்டையே விட்டுவிட்டோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய தனிநாயகம் அடிகளார், தாய்லாந்தில் ஒலிக்கும் திருவெம்பாவையைப் பற்றி அன்றே எழுதியிருக்கிறார். நம் நூலகத்திலேயே தொடங்கியிருக்க வேண்டிய பயணம் அது.

நம் மொழிக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாவுக்குப் பட்டியல் போடும்போது, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாணவர் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வரட்டும். வரும் மார்கழியில் திருவெம்பாவையின் 20 பாடல்களில் ஒன்றையாவது பொருளோடு கற்போம். இனி யாராவது எங்கேனும் ஒரு வாசலில் "கொஞ்சம் பாடிக் காட்டுவீர்களா?" என்று கேட்டால், நாம் கைப்பேசியைத் தேட வேண்டியிராது.