தூசிக்கும் ஒரு கணக்கு உண்டு

பிளஸ் டூ இயற்பியலில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் ஒரு வரி உண்டு. மின்னூட்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு நகர்த்தச் செய்யும் வேலை = மின்னூட்டம் × மின்னழுத்த வேறுபாடு. "இது எதுக்குடா உதவப் போகுது?" என்று கேட்காத மாணவனே கிடையாது. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மாணவர்கள் பதிலுக்கு எங்கேயும் போக வேண்டாம். சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தால் போதும்!

அரியலூர் ஒரு காலத்தில் கடல். அந்தப் பழைய கடல் விட்டுப்போன சொத்துதான் சுண்ணாம்புக்கல். 1979ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. 2007ல் பெரம்பலூரிலிருந்து மீண்டும் பிரிந்து தனி மாவட்டமானபோது, அரியலூர் என்றாலே சிமெண்ட் என்றாகியிருந்தது. சிமெண்ட் என்றால் தூசியும்தான்.

அந்தத் தூசியைப் பிடிக்கும் கருவிகளில் ஒன்று, ஆலைக்காரர்கள் ஈ.எஸ்.பி. என்று சொல்லும் நிலைமின் தூசிப் பிடிப்பான். பெரிய இரும்புத் தகடுகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய கம்பிகள். கம்பிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம். சூளையிலிருந்து வரும் புகை உள்ளே நுழைந்ததும் தூசித் துகள்கள் எதிர் மின்னூட்டம் பெறுகின்றன. கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் துகளுக்கு மின்னிலை ஆற்றல் அதிகம். கிணற்று மேட்டுக்குத் தூக்கிய வாளி மாதிரி. தகட்டை நோக்கி நகர நகர அந்த ஆற்றல் குறைகிறது. குறைந்த ஆற்றல்தான் துகளை இழுக்கும் வேலையாக மாறுகிறது. பொடித் துகளுக்கு இந்த இழுவிசை அதன் எடையைவிடப் பல மடங்கு. தகட்டில் ஒட்டிய தூசியைச் சுத்தியல்கள் தட்டி உதிர்க்கும். ஒழுங்காக ஓடினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது இரட்டைப் பதிவு முறை. ஆற்றல் பக்கம் எவ்வளவு பற்றோ, வேலைப் பக்கம் அவ்வளவு வரவு. பைசா பிசகாது. ஆனால் அந்த ஆற்றல் முதலில் சும்மா வரவில்லை. மின்சாரம் கொடுத்தது. 1 யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதற்குப் பில் உண்டு.

பிரச்சினை இங்கேதான். கருவி நின்றால் ஆலையின் செலவுக் கணக்கில் மின்சாரம் குறையும். தூசி மறைந்துவிடுமா? தகட்டில் படிய வேண்டியது கடலைச் செடியிலும், கூரையிலும், குழந்தையின் நுரையீரலிலும் படியும். ஆலையின் புத்தகத்தில் வராத செலவு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் வரும். வேண்டுமென்றே நிறுத்தினால்தான் என்றில்லை. சூளைப் புகையில் கார்பன் மோனாக்சைடு கூடினால் வெடிக்காமல் இருக்க ஈ.எஸ்.பி. தானாகவே நின்றுவிடும். மின்தடை வந்தாலும் நிற்கும்.

இந்தக் கருவிக்கு அமெரிக்க வேதியியலர் காட்ரெல் 1908ல் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளிலேயே கலிபோர்னியாவின் ரிவர்சைடு சிமெண்ட் ஆலைக்கு அது போனது. காரணம்? சிமெண்ட் தூசி படிகிறது என்று ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் கொதித்தெழுந்ததுதான். கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது!

சிமெண்ட் உட்பட 17 வகைத் தொழில்கள் தங்கள் புகையை இடைவிடாமல் ஆன்லைனில் அளக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014ல் உத்தரவிட்டது. அந்த அளவு வாரியத்துக்குப் போனால் மட்டும் போதாது. ஆலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சி அலுவலக வாசலிலும், தமிழில், அன்றாடம் எழுதப்பட வேண்டும். இன்று தூசி எவ்வளவு? கருவி எத்தனை நிமிடம் நின்றது? இரண்டே எண்கள். பை வடிகட்டிக்கு மாறிய ஆலைகளுக்கும் இதே கணக்குதான்.

"ஆலை வேண்டாம் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்த ஆலைகள்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் சாலைத் தூசிக்கு ஈ.எஸ்.பி. கிடையாது என்பதும் உண்மை. அதற்குத் தார்ப்பாயும் தண்ணீர் லாரியும் வேண்டும். ஆனால் ஒன்றைச் சாக்காக வைத்து மற்றதை விட்டுவிட முடியாது.

இயற்கை தன் கணக்கை எப்போதும் சரியாகவே முடிக்கிறது. மனிதர்கள் மட்டும் ஒரு பக்கத்தை எழுதாமல் விடுகிறார்கள். அந்தப் பக்கத்தையும் எழுதச் சொல்லிக் கேட்பது பேராசை அல்ல, வெறும் கணக்குப்பதிவியல்!