நோகாத எழுத்து யாரைக் காக்கிறது?

புத்தக வெளியீட்டு மேடையில் எல்லோரும் பாராட்டுவார்கள். நூலைப் பற்றிய உண்மையான கருத்து, விழா முடிந்த பிறகு டீக்கடையில்தான் வெளிவரும். மேடையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், ‘எதுக்கு வம்பு, பாவம், மனசு நோகும்’ என்பார்கள். இதைப் பண்பு என்றே பலரும் நம்புகிறார்கள். அது பண்பல்ல. நூலாசிரியரின் மனம் நோகுமே என்ற கவலையைவிட, அவருடைய தயவு போய்விடுமே என்ற பயம்தான் அதில் பெரிது. காசு கொடுத்து வாங்கி ஏமாந்த வாசகரின் மனம் அங்கே கணக்கிலேயே வருவதில்லை.

பிறரை நோகடிக்கக் கூடாது என்பதை வாழ்நாள் விரதமாகக் கொண்டவர் காந்தி. அவர்தான் 1925 முதல் 1929 வரை ‘நவஜீவன்’ இதழில் வாரந்தோறும் தன் வரலாறான சத்திய சோதனையை எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. டர்பனில் அவர் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா, பஞ்சமர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மூத்திரச் சட்டியைக் கஸ்தூரிபா கண்ணீரோடு தூக்கிச் சென்றார். முகம் மலர்ந்து செய்யவில்லையே என்று காந்திக்குக் கோபம். மனைவியின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போய், வெளியே தள்ளப் பார்த்தார். போக்கிடம் இல்லாத அந்நிய மண்ணில் எங்கே போவேன் என்று அவர் அழுதபோதுதான் காந்திக்கு வெட்கம் வந்தது.

இதை எழுதியபோது கஸ்தூரிபா உயிரோடு இருந்தார். நாடு காந்தியை மகாத்மாவாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ‘குடும்ப விஷயம், எதற்கு?’ என்று விட்டிருந்தால் காந்தியின் பெயர்தான் காப்பாற்றப்பட்டிருக்கும். கஸ்தூரிபா பட்ட அவமானம் சுவடில்லாமல் போயிருக்கும்.

வம்பு வேண்டாம் என்ற மனநிலை அரசாங்கத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நாமக்கல் காட்டியது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியின் துயரம் அது. 4 ஆண்டுகள் கழித்து எதிர்ப்பு கிளம்பியது; பிரதிகளை எரித்தார்கள், திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட நிர்வாகம் கூட்டிய சமாதானக் கூட்டத்தில், நிபந்தனையற்ற மன்னிப்புக்கு எழுத்தாளர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. ஊர் அமைதிக்காக ஒரு மனிதர் தன் எழுத்தைக் கைவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் அந்தச் சமாதானத்தின் பொருள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். அடங்கிப்போகச் சொன்ன நல்ல மனிதர்கள் எத்தனை பேருக்கு அந்த அறிவிப்பு உறைத்தது?

சமாதானக் கூட்டத்தில் எழுதி வாங்கிய அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதச் சொன்னது. அடுத்த மாதமே கவிதைத் தொகுப்போடு வந்தார். மௌனமாக இருந்த அந்த நாட்களில் தனக்குள் எழுதியவை அவை. வீரம் பேசும் தலைப்பு எதையும் அவர் தேடவில்லை. ‘கோழையின் பாடல்கள்’ என்று பெயர் வைத்தார்.