மலர்வளையம் போதுமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாள் தீயணைப்பு வீரர்களுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். வீரத்தைப் புகழ்ந்து பேசுகிறார்கள். பேசட்டும்! ஆனால், தோழர்களே, அந்த நாள் தரும் பாடத்தை நாம் மறக்கலாமா?

1944. பம்பாய்த் துறைமுகம். பஞ்சுப் பொதிகளும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் ஒரே கப்பலில்! தீ மூண்டது, வெடித்தது. அணைக்கச் சென்ற 66 வீரர்கள் மாண்டனர். நெஞ்சுரம் குறைந்தா மாண்டனர்? இல்லை! நெஞ்சுரம் மட்டும் வெடிமருந்தை வெல்லாது.

எரியும் எண்ணெயில் நீரைப் பாய்ச்சினால் தீ பரவும். புகை அடைத்த அறைக் கதவைச் சட்டெனத் திறந்தால், காற்றுப் புகுந்து அனல் வெடித்துப் பாயும். இவை பிறவியிலேயே வரும் அறிவா? பயின்று பெறவேண்டிய கலையன்றோ! அதனை உணர்ந்துதானே 1956-இல் தேசியத் தீயணைப்புக் கல்லூரியை நடுவண் அரசே தொடங்கியது? இன்றும் நாகபுரியில் அது நடக்கிறதே!

அதிகாரிக்குக் கல்லூரி வேண்டும். குழாய் பிடிப்பவனுக்கு மட்டும் சில நாள் கவாத்து போதுமென்பது என்ன நீதி? செலவைக் காட்டிப் பயிற்சியைச் சுருக்குவோர் சேமிப்பது பணமன்று. செலவிடுவது ஏழை வீட்டுப் பிள்ளையின் உயிர்!

கேளுங்கள், தோழர்களே! முழுப் பயிற்சி பெறாதவரைத் தீயின்முன் நிறுத்தாதே! பயிற்சிக் காலத்திற்கும் ஊதியம் கொடு! ஆண்டுதோறும் மறுபயிற்சி கொடு!

மாண்டபின் மாலை வேண்டாம். மாளாதிருக்கப் பயிற்சி வேண்டும்!