புரியலைன்னா தலையாட்டாதீங்க: ஆக்சென்ட் பற்றி ஓர் இழை

1/
கிளாஸ்கோவில் இருந்தோ டெக்சாஸில் இருந்தோ ஒருத்தர் போன்ல பேசுறார். மூணு தடவை கேட்டும் பாதிதான் புரியுது. உடனே நமக்கு என்ன தோணுது? "நம்ம இங்கிலீஷ் வீக்." இந்த நினைப்பே தப்பு. இதை வெச்சு ஒரு வியாபாரமே நடக்குது. ஆஸ்பத்திரியில் இதே நினைப்பு உயிருக்கே உலை வைக்கும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
சென்னையிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தரை நாகர்கோவில் சந்தையில் கொண்டுபோய் விடுங்க. இல்லைன்னா வேகமாப் பேசும் யாழ்ப்பாணத்துப் பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்க. முதல் நாள் நிறைய நழுவிப் போகும். அதுக்காக "உனக்குத் தமிழே தெரியல"ன்னு சொல்வோமா? "பழக்கமில்ல, போகப் போக சரியாயிடும்"னுதான் சொல்வோம். தாய்மொழிக்குக் கொடுக்கிற இந்தச் சலுகையை இங்கிலீஷுக்கு மட்டும் ஏன் கொடுக்க மாட்டேங்கிறோம்?

3/
இங்கிலீஷையே தாய்மொழியாப் பேசுறவங்களுக்கும் இதே கதைதான். 1996இல் வந்த 'டிரெயின்ஸ்பாட்டிங்' ஸ்காட்லாந்துப் படம். பேசுறது இங்கிலீஷ்தான். ஆனா அமெரிக்காவில் வெளியிடும்போது, அங்கே புரியணும்னு ஆரம்பப் பகுதி வசனங்கள் சிலதை மறுபடி டப் பண்ண வேண்டியிருந்தது. அமெரிக்கர்களை யாரும் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு அனுப்பல.

4/
நம்மில் பலரும் இங்கிலீஷைக் கண்ணால் படிச்சவங்க. ஒவ்வொரு எழுத்தும் காதில் விழும்னு எதிர்பார்க்கிறோம். ஆனா வாட்டர் என்ற சொல்லின் நடு 'ட்'டைப் பல ஊர்க்காரங்க தொண்டையிலேயே நிறுத்திடுவாங்க. வட இங்கிலாந்தில் பஸ் 'புஸ்' ஆயிடும். ஷுட் ஹேவ் என்பது 'ஷுடா' ஆயிடும்.

நாம மட்டும் என்ன? "வந்துகொண்டிருக்கிறேன்"னு புத்தகத்தில் தமிழ் படிச்ச வெளிநாட்டுக்காரர் கிட்ட "வந்துட்ருக்கேன்"னு சொல்லிப் பாருங்க. முழிப்பார்.

5/
இனி டாக்டரா பேசுறேன். இது காதுக் கோளாறு இல்ல. ஒலி காதுக்குள்ள ஒழுங்காத்தான் போகுது. அதைப் பிரிச்சு அடுக்குற மூளைக்குத்தான் பழக்கம் போதல. சின்னக் குழந்தை எந்த மொழியின் ஒலியையும் பெரும்பாலும் பிரிச்சறியும். ஒரு வயசை நெருங்கும்போது வீட்டில் பேசுற மொழிக்கு ஏற்ப அந்தத் திறன் குறுகிடும். ஆனா கதவு முழுசா சாத்துறதில்ல. வளர்ந்தவங்க மூளையும் புது உச்சரிப்புக்குப் பழகும். நாம நினைக்கிறதைவிட வேகமாவே பழகும்.

6/
2009இல் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு. இங்கிலீஷை ரெண்டாவது மொழியாப் படிச்ச டச்சுக்காரங்களுக்கு ஸ்காட்டிஷ், ஆஸ்திரேலிய ஆக்சென்டில் படக்காட்சிகளைக் காட்டினாங்க. சிலருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில், சிலருக்கு டச்சு சப்டைட்டில், சிலருக்கு எதுவும் இல்ல. அப்புறம் அதே ஆக்சென்டில் புது வாக்கியங்களைக் கேட்க வெச்சாங்க. இங்கிலீஷ் சப்டைட்டிலோட பார்த்தவங்களுக்குக் காது நல்லாப் பழகியிருந்தது. தாய்மொழி சப்டைட்டிலோ உதவவே இல்ல, குறுக்கேதான் நின்னுச்சு.

தமிழ் சப்டைட்டில் கதையைச் சொல்லும். காதைப் பழக்காது.

7/
இப்ப வியாபாரத்துக்கு வருவோம். "30 நாளில் பிரிட்டிஷ் ஆக்சென்ட்"னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. அங்கே பழக்குறது உங்க வாயை. உங்க பிரச்சினை இருக்கிறது காதில். நீங்க பிபிசி செய்தி வாசிப்பாளர் மாதிரியே பேசினாலும், லிவர்பூல் பாட்டி உங்ககிட்ட லிவர்பூல் பாஷையில்தான் பேசுவாங்க. கால் வலிக்குக் கையில் கட்டுப் போட்டு, அதுக்குப் பணமும் வாங்குறாங்க.

8/
தேர்வுகளையும் சேர்த்தே சொல்றேன். பிரிட்டனில் டாக்டரா பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் எழுதினா மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைஞ்சது 7 வேணும். நல்ல மதிப்பெண்தான். ஆனா அது ஸ்டூடியோவில் பதிவான தெளிவான குரல். வார்டில் மானிட்டர் அலறும், பேசுறவங்க மாஸ்க் போட்டிருப்பாங்க, தாத்தா பல்செட்டைக் கழட்டி வெச்சிருப்பார். 'பூர்லி'ன்னா உடம்பு சரியில்ல. 'வாட்டர்வொர்க்ஸ்'னா சிறுநீர் சமாச்சாரம். ஸ்காட்லாந்தில் 'ஆக்ஸ்டர்'னா அக்குள். இதெல்லாம் எந்த மருத்துவப் புத்தகத்தில் இருக்கு?

9/
உயிர் விஷயம் இதுதான். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரி கேட்கும். ஒண்ணு 15 மில்லிகிராம், இன்னொண்ணு 50. அதனாலதான் "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ"ன்னு இலக்கம் இலக்கமா சொல்லணும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டணும்னு பாதுகாப்பு விதி. விமானிகளும் இப்படித்தான். ஃபைவோடு குழம்பக்கூடாதுன்னு நைனை 'நைனர்'னு சொல்வாங்க. இங்கிலீஷைத் தாய்மொழியாப் பேசுற விமானிக்கும் அதே விதிதான்.

திருப்பிக் கேட்கிறது அவமானம் இல்ல. புரியாம "எஸ், எஸ்"னு தலையாட்டுறதுதான் ஆபத்து. ஆக்சென்ட் யாரையும் கொல்லாது. தலையாட்டல் கொல்லும்.

10/
என்ன செய்யலாம்?

• நீங்க போகப்போற ஊரின் பேச்சைக் கேளுங்க. நியூகாசில்னா பிபிசி ரேடியோ நியூகாசில், லிவர்பூல்னா ரேடியோ மெர்சிசைடு. தினமும் கால் மணி நேரம்.
• பல பேர் பேசுறதைக் கேளுங்க. ஒரே ஆளைக் கேட்டா அந்த ஆள்தான் பழகுவார், ஊர் பழகாது.
• படம் பார்த்தா இங்கிலீஷ் சப்டைட்டில் போடுங்க.
• வெறும் "பார்டன்?" வேண்டாம். அதே வாக்கியம் சத்தமா திரும்ப வரும், அவ்வளவுதான். "வலி நெஞ்சில்னு புரிஞ்சுது, எப்ப ஆரம்பிச்சதுன்னு மட்டும் மறுபடி சொல்லுங்க"ன்னு கேளுங்க.
• முடிவில் நீங்க புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிக் காட்டுங்க. தப்பா இருந்தா அவங்களே திருத்துவாங்க.

11/
பேசுறவங்களுக்கும் பொறுப்பு உண்டு. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிற ஆஸ்பத்திரி, உள்ளூர்ப் பேச்சு வழக்கை முதல் வாரமே ரெண்டு பக்கத்தில் அச்சடிச்சுக் கொடுக்கலாமே? காசு அதிகம் ஆகாது. "உன் ஆக்சென்ட் புரியல"ன்னு நம்மகிட்ட சொல்ற வாய், "நான் மெதுவா பேசுறேன்"னும் சொல்லலாம்.

12/
இந்தக் கோபம் நியாயம்னு தோணுதா? அப்ப இதையும் கேட்டுக்குங்க. நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு பீகார் தொழிலாளி வந்து தெரிஞ்ச தமிழில் வலியைச் சொல்றார். நாம சிரிக்கிறோம், இல்லைன்னா அதே கேள்வியைக் கத்திக் கேட்கிறோம். அவரும் தலையாட்டிட்டு மாத்திரையோட போயிடுறார். காலையில எத்தனை, ராத்திரி எத்தனைன்னு அவருக்குப் புரிஞ்சுதா?

அடுத்த தடவை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. அரை நிமிஷம்தான் ஆகும்.